தெருப் படிப்பகத்துக்கு யாரிடம் பணம் கேட்பது?

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் மாநகராட்சிக்குச் சொந்தமான ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. அதில் முன்பு என்ன நடந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ரேஷன் கடை என்பார் ஒருவர், தடுப்பூசி போட்ட இடம் என்பார் இன்னொருவர். இப்போது அதன் திண்ணையில் ஒரு காய்கறி வண்டித் தராசு, ஒரு பழைய டயர், இரண்டு நாய்கள்.

அதைப் படிப்பகமாக்க வேண்டும் என்பது எங்கள் நலச்சங்கத்தின் ஆசை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் குடியிருக்கும் தெரு இது. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண், வீட்டில் டி.வி. அடங்கும் வரை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் செல்போன் டார்ச்சோடு உட்கார்ந்திருப்பாள். கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் பெரியதுதான், அழகானதுதான். ஆனால் இங்கிருந்து கிளம்பினால், ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் கடந்து முடிவதற்குள்ளேயே ஒரு பாடம் படித்துவிடலாம்.

சரி, பணத்துக்கு யாரிடம் போவது? சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் இதே பேச்சு. "எம்.எல்.ஏ. ஃபண்டு இருக்குதுண்ணே, அங்க போவோம்" என்றான் ஒரு தம்பி. "கவுன்சிலரம்மா நம்ம தெருவுக்கு தினம் வர்றாங்க, அவங்ககிட்ட கேக்காம எங்கயோ போறீங்களே" என்றார் டெய்லர் கடை அக்கா. மணலி, எண்ணூர் பக்கம் இத்தனை ஆலைகள் இருக்கும்போது அரசாங்கத்திடம் ஏன் போக வேண்டும் என்று கேட்டார் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர். நான் செயலாளர் என்பதால், "எது நல்லதுன்னு எழுதிக் கொண்டு வாப்பா" என்று என் தலையில் கட்டினார்கள். அந்தக் கணக்கைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. சில வருடங்களுக்கு முன்னால் பக்கத்துத் தெருவில் ஒரு குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்தார்கள். ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்து, ஒரு குடத்தைப் பிடித்துப் போட்டோவும் எடுத்தார்கள். யார் கொடுத்த பணம் என்பது இங்கே முக்கியமில்லை. ஆறாவது மாதம் ஃபில்டர் மாற்ற வேண்டிவந்தது. அதற்குப் பணம் யார் தருவது, கரண்ட் பில் யார் கட்டுவது, சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எந்தக் காகிதத்திலும் பதில் இல்லை. இயந்திரம் இன்றும் அங்கேயே இருக்கிறது, அதன் மேல் ஒருவர் துணி காயப்போடுகிறார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்த நிதியைப் பற்றிச் சொன்னாலும், இது சுவருக்கான பணமா, ஆளுக்கான பணமா என்று கேட்டுவிடுவேன். சுவர் ஒரு முறைச் செலவு. ஆள் மாதா மாதச் செலவு. படிப்பகத்துக்கு இரண்டும் வேண்டும். பூட்டைத் திறக்க, நாற்காலியை எடுத்துப் போட, செய்தித்தாளை அடுக்க, "தம்பி, இங்க லூடோ ஆடாத" என்று சொல்ல ஓர் ஆள் இல்லாவிட்டால் அது மறுபடியும் டயர் வைக்கும் திண்ணையாகிவிடும்.

இந்தக் கேள்வியோடு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

எம்.எல்.ஏ. நிதி என்று நாம் சொல்லும் சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 234 தொகுதிக்கும் சேர்த்தால் 702 கோடி. ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்தத் திட்டம் ஊரக வளர்ச்சித் துறையின் கணக்கில் வருகிறது. வயல் வரப்பே பார்க்காத எங்கள் ஆர்.கே. நகர் தொகுதிக்கும் பணம் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. சென்னையில் வேலையை நடத்துவது மாநகராட்சி. எம்.எல்.ஏ. பணியைப் பரிந்துரைப்பார், பொறியாளர் எஸ்டிமேட் போடுவார், நிர்வாக ஒப்புதல் வரும், டெண்டர் வரும். அவர் மனது வைத்தால் ஓராண்டுக்குள் கட்டடம் எழும்பும்.

3 கோடி கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். தொகுதியில் இருக்கும் தெருக்களை எண்ணிப் பாருங்கள். ஜி.எஸ்.டி. போக மிச்சம்தான் வேலைக்கு என்று எம்.எல்.ஏ.க்களே கட்சி வித்தியாசம் இல்லாமல் புலம்பியிருக்கிறார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல், இது முழுக்க முழுக்கச் சுவர்ப் பணம். கட்டலாம், வாங்கலாம். சம்பளம், மின்கட்டணம், பராமரிப்பு எதுவும் இதில் கிடையாது. கட்டி முடித்ததும் பொறுப்பு உள்ளாட்சியின் தலையில். பக்கத்துத் தெரு இயந்திரத்தின் கதை நிழற்குடை, உடற்பயிற்சிக் கூடம் என்று எத்தனையோ இடங்களில் திரும்ப நடப்பது இதனால்தான்.

கவுன்சிலர் நிதி இதைவிடச் சின்னது, இதைவிடப் பக்கத்தில் இருப்பது. சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். 2025-26 மாநகராட்சி பட்ஜெட்டில் வார்டு மேம்பாட்டு நிதியை வார்டுக்கு 60 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். எங்கள் அறை மாநகராட்சியின் சொத்து என்பதால் இந்த வழியில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. இடம் யாருடையது, தடையில்லாச் சான்று யார் தருவது என்று அலைய வேண்டாம். கூரை ஒழுகலை அடைப்பது, தரைக்கு டைல்ஸ், வயரிங், இரண்டு ஃபேன், ஒரு கழிப்பறை, இவ்வளவுதான் வேலை. தண்டையார்பேட்டை மண்டல அலுவலகப் படியேறி இறங்கினால் முடிகிற காரியம். கவுன்சிலர் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேசலாம், மறுநாள் தெருவில் பார்த்தால் "அது என்னாச்சும்மா" என்று கேட்கலாம். கோட்டையில் யாரைப் பார்த்து அப்படிக் கேட்பது?

இதிலும் ஆள் கிடைக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

'நமக்கு நாமே' திட்டத்தைச் சங்கத்தில் இளைஞர்கள் மிகவும் விரும்பினார்கள். செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மிச்சத்தை அரசு போடும். 1990களில் வந்த திட்டம், 2021க்குப் பிறகு மறுபடி உயிர்பெற்றது. 9 லட்ச ரூபாய் வேலை என்று வைத்துக்கொண்டால் எங்கள் பங்கு 3 லட்சம். தினக்கூலிக்குப் போகிறவர்கள் நிறைந்த தெருவில் 3 லட்சம் திரட்டுவது எப்படி என்று யோசிக்க வேண்டும். வசதியான காலனிகளுக்கு இந்தத் திட்டம் வழுக்கிக்கொண்டு போகும், எங்களுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். சொந்தக் காசு போட்டவன் சாவியைத் தொலைக்க மாட்டான் என்பது உண்மைதான். ஆனாலும் வரி கட்டும் ஏழைத் தெருவிடம், உனக்கு நூலகம் வேண்டுமென்றால் இன்னொரு முறை காசு கொடு என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது.

ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது சட்டம். இந்தக் காற்றைச் சுவாசிக்கும் நமக்கு அது உரிமை என்பது துறைமுகத் தொழிலாளியின் வாதம், அதில் நியாயம் இருக்கிறது. நிறுவனம் நினைத்தால் ஓர் ஆளுக்குச் சம்பளமும் தரலாம், பல ஆண்டுத் திட்டமாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் லாபம் குறைந்தாலோ, மேலதிகாரி மாறினாலோ, இந்த வருடம் மரம் நடுகிறோம் என்று சொல்லிவிடுவார்கள். அப்போது நாம் எந்தச் சபையில் கேள்வி கேட்பது? கம்ப்யூட்டர், புத்தக அலமாரி, போட்டித் தேர்வுப் புத்தகங்கள், இவற்றுக்கு வாங்கிக்கொள்ளலாம். உயிர்நாடியை அவர்கள் கையில் கொடுக்க மாட்டேன்.

இனி வட சென்னை வளர்ச்சித் திட்டம். 2023-24 பட்ஜெட்டில் மூன்று ஆண்டுகளுக்கு 1,000 கோடி என்று அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் தொடங்கி வைத்தபோது 4,181 கோடி என்றார்கள், பிறகு அது 6,000 கோடியையும் தாண்டியது. பணம் இப்படி வளர்வதைப் பார்த்து நாங்களும் வாயைப் பிளந்தோம். உள்ளே பார்த்தால், இதில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் சொந்தப் பங்கு ஒரு பகுதிதான். குடிநீர் வாரியம், மின்வாரியம், வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பல துறைகள் தங்கள் கணக்கில் செய்யும் வேலைகளையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து காட்டும் தொகை அது. தவறு என்று சொல்லவில்லை. துறைகளை ஒரே மேஜையில் உட்கார வைப்பதே எங்கள் பகுதிக்குப் புதுசு. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தைப் போய்ப் பார்த்தேன். படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒரு தளம், லேப்டாப்போடு வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு தளம், குளிர்சாதனம் எல்லாம் உண்டு. பொறாமையாக இருந்தது. அந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று எங்கள் தெரு கேட்கலாம். ஆனால் அது பெரிய இடம், பெரிய கட்டடம் கேட்கும் திட்டம். 400 சதுர அடி அறையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனால் சிரிப்பார்கள்.

அப்புறம் மிச்சமிருப்பது, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் அண்டா: சட்டமன்றம் ஒப்புதல் தரும் துறைகளின் மானியக் கோரிக்கை, அதாவது இந்தத் துறைக்கு இந்த ஆண்டு இவ்வளவு பணம் வேண்டும் என்று அரசு அவையிடம் கேட்பது. சங்கத்தில் யாருமே இதைச் சொல்லவில்லை. ஆளுக்கான பணம் இருப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பிப்ரவரி, மார்ச்சில் நிதியமைச்சர் பட்ஜெட் படிக்கிறார், டி.வி.யில் ஓடுகிறது. அது முதல் நாள் கூத்து. அதற்குப் பிறகு ஒவ்வொரு துறையாக மானியக் கோரிக்கை அவைக்கு வரும், கூடவே அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும் வரும். பள்ளிக் கல்வித் துறைக்கு 43ஆம் எண். பொது நூலகங்களும் அதற்குள்தான். விவாதம் முடிந்து வாக்கெடுப்பு, பிறகு நிதி ஒதுக்கீட்டு மசோதா. அது நிறைவேறினால்தான் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய் வெளியே வரும். 2025-26இல் பள்ளிக் கல்விக்கு மட்டும் 46,767 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி சம்பளம். ஆசிரியர் ஜூன் மாதம் வகுப்புக்கு வருவது இந்த வாக்கெடுப்பால்தான், எந்தத் தொகுதி நிதியாலும் இல்லை.

நமக்குத் தெரிய வேண்டிய விஷயம் அரசியலமைப்பின் 203ஆம் பிரிவில் இருக்கிறது. கோரிக்கையைச் சட்டமன்றம் ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. 234 பேரும் எழுந்து நின்று மேஜையைத் தட்டினாலும் கொருக்குப்பேட்டைக்கு ஒரு நூலகர் என்று புதிதாக ஒரு வரியைச் சேர்க்க முடியாது. எதிர்க்கட்சி கொண்டுவரும் வெட்டுத் தீர்மானம்கூடக் குறைப்பதற்கான தீர்மானம்தான், அதைச் சாக்காக வைத்துக் குறையைப் பேசுவார்கள். ஆகவே மார்ச்சில் மனுவோடு ஓடுகிறவர் பந்தி முடிந்து இலை எடுக்கும்போது வருகிறவர். துறைகள் அடுத்த ஆண்டுக்கான கணக்கையும் புதிய திட்டங்களையும் நிதித் துறைக்கு அனுப்புவது மழைக்காலத்தை ஒட்டி. நம் மனு மாவட்ட அலுவலகத்தில் ஆடி, ஆவணியிலேயே இருக்க வேண்டும்.

தேர்தல் ஆண்டென்றால் இந்தக் கணக்கும் மாறும். 2021 பிப்ரவரி 23இல் ஓ. பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட் வைத்தார். தேர்தல் முடிந்து ஆட்சி மாறி, ஆகஸ்ட் 13இல் பழனிவேல் தியாகராஜன் திருத்திய பட்ஜெட் வைத்தார். நடுவில் இருக்கும் மாதங்களில் ஓடிக்கொண்டிருக்கும் வேலை ஓடும், புது வேலைக்கு மனு கொடுத்தால் மேஜை மேலேயே இருக்கும்.

அப்படியானால் எம்.எல்.ஏ.வால் அவையில் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது, நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. அவர் ஒரு கேள்வி கேட்டு, அமைச்சர் எழுந்து "ஆவன செய்யப்படும்" என்று சொல்லாமல் "செய்து தருகிறோம்" என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று சட்டமன்றத்தில் இருக்கிறது. மனுக்கள் குழு என்று இன்னொன்றும் உண்டு, மாவட்டங்களுக்கு வந்து பொதுமக்களின் மனுவை நேரில் விசாரிப்பார்கள். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நீண்ட நாள் தீராத 10 கோரிக்கைகளைப் பட்டியல் போட்டுக் கேட்டார். அப்படிப்பட்ட பட்டியலில் ஓர் இடம் பிடிப்பது 3 கோடியில் 5 லட்சம் பிடிப்பதைவிட மதிப்பு. எம்.எல்.ஏ.விடம் காசு கேட்பதைவிட வாயைக் கேட்பது லாபம் என்று கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் புரிந்துகொண்டார்கள்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான் என் வீட்டுச் சொத்து வரி ரசீது கண்ணில் பட்டது. எத்தனையோ வருடமாகக் கட்டுகிறேன், வரிவரியாகப் படித்ததில்லை. அதில் நூலக வரி என்று ஒன்று இருக்கிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது, நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. அந்தச் சட்டம் வைத்த ஏற்பாடு இது. மாநகராட்சி வசூலித்து, பொது நூலகங்களை நடத்தும் நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். நிதியமைச்சர் பெட்டியிலிருந்து ஆண்டுதோறும் எழுந்து வர வேண்டிய பணம் இல்லை இது. நூலகத்துக்கென்றே பெயர் எழுதி வசூலிக்கும் பணம். குடிசையிலிருந்து சேட்டு வீட்டு மாடி வரை, வரி போட்ட ஒவ்வொரு வீடும் கட்டுகிறது. நாங்கள் பிச்சை கேட்பது போலப் பேசிக்கொண்டிருந்தோம், ரசீது எங்கள் பீரோவில் இருந்தது.

நூலக ஆணைக்குழு கிளை நூலகம் நடத்துகிறது, பகுதி நேர நூலகமும் நடத்துகிறது. பகுதி நேர நூலகம் என்றால் சில மணி நேரம் திறந்திருக்கும், ஓர் ஆள் வருவார், புத்தகமும் நாளிதழும் வரும். எங்களுக்கு இதுவே தாராளம். வாடகையில்லாத இடமும், நூலகத்துக்கு நன்கொடை கொடுத்துப் புரவலராகச் சேர ஆட்களும், ஒரு வாசகர் வட்டமும் கையில் இருந்தால் பேச்சுக்குப் பலம். புரவலராக ஆயிரம் ரூபாய். 3 லட்சம் திரட்ட முடியாத தெருவால் 20 புரவலர்களைச் சேர்க்க முடியும், டெய்லர் அக்கா அங்கேயே முதல் பெயரைக் கொடுத்துவிட்டார்.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. வரி வசூலாவதும், வசூலானது முழுசாக, நேரத்துக்கு ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேருவதும் ஒன்றல்ல. புதுப் பணியிடத்துக்கு அரசு அனுமதி வேண்டும், அது சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதே 43ஆம் எண் துறையின் மேஜைக்குத்தான் வரும். ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். ஆனால் ஒரு முறை ஆள் வந்துவிட்டால், அடுத்த வருடம் அவர் இருப்பாரா என்று ஒவ்வொரு சித்திரையிலும் யார் காலிலும் விழ வேண்டியதில்லை.

ஆகவே என் சிபாரிசு இரண்டு மனுவில் முடிகிறது. அறையைச் சரிசெய்ய வார்டு நிதி, கவுன்சிலரிடம். ஆளுக்கும் புத்தகத்துக்கும் நூலக ஆணைக்குழு, அதன் மாவட்ட அலுவலகத்தில். எம்.எல்.ஏ.வுக்கு இரண்டாம் மனுவின் நகல், கூடவே கேட்க வேண்டிய கேள்வியை நாங்களே எழுதி. ஆலைகளிடம் அலமாரியும் கம்ப்யூட்டரும், அதுவும் கதவு திறந்த பிறகு. 'நமக்கு நாமே' வேண்டாம் என்றதில் இளைஞர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். இரண்டு வழியும் ஒரு வருடத்தில் அசையவில்லையென்றால் அதை எடுத்துக்கொள்வோம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கூட்டம் என்னோடு சண்டை போட்டது. ஆள் உறுதியாகும் வரை அறையைத் திறக்கக் கூடாது என்றேன். "அதுவரைக்கும் பசங்க எங்க படிக்கும்?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கடைசியில் சங்கத்து ஆட்கள் முறை வைத்து சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை உட்காருவது, அதிகபட்சம் ஆறு மாதம், அந்த ஆறு மாதத்தையும் மனுவிலேயே குறிப்பிடுவது என்று முடிவானது. முதல் வாரம் என் முறை.

வியாழக்கிழமை மாநகராட்சிப் பொறியாளர் டேப்போடு அளக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். அறையின் சாவி எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். டயரை மட்டும் எடுத்துவிட்டோம்.